மறுப்புக் கதிரைக்குக் கைதட்டிய மகனுக்கு

மகனே,

உனக்கு ஐம்பத்து மூன்று வயது, எனக்குப் பதினேழு. பிறப்புச் சான்றிதழைப் பார்த்தால் நீ அப்பா, நான் மகள். ஆனால் சான்றிதழைப் பார்த்து ஆளை மதிக்கக்கூடாது என்று வெள்ளவத்தை முழுக்கச் சொல்லித் திரிகிறவன் நீதானே. ஆகவே அந்தக் காகிதத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, இந்த வீட்டில் இப்போது யார் யாருக்குப் புத்தி சொல்ல வேண்டிய நிலையில் இருக்கிறார் என்பதை மட்டும் பார்ப்போம். போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நீ சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு யன்னலைப் பார்க்கிறாய். என்ன என்று கேட்டால் "ஒண்டுமில்லை" என்கிறாய். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாய். இதெல்லாம் பதினைந்து வயதில் செய்கிற வேலை. நானே அதைத் தாண்டி வந்துவிட்டேன். திங்கட்கிழமை காலை அம்மா உன்னை வளர்க்கும் பொறுப்பிலிருந்து ராஜினாமா செய்தார். "நான் வளர்த்தது காணும், இனி நீ பார் பிள்ளை" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு மருந்துக்கடை வேலைக்குப் போய்விட்டார். பதவி என் தலையில் விழுந்திருக்கிறது. எனவே இந்தக் கடிதம் முடியும்வரை நான் தாய், நீ பிள்ளை. மரியாதைப் பன்மையை எதிர்பார்க்காதே.

இதை உன் மேசையில் வைக்கப் போவதில்லை. உன் பல்கலைக்கழக மேல்மாடி அறிவிப்புப் பலகையில் ஒட்டப் போகிறேன். ஒருவரைப் பற்றிய மறுப்பை அவருடைய முதுகுக்குப் பின்னால் சொல்லாமல் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் ஒட்ட வேண்டும் என்பது நீ போட்ட விதி. ஒட்டுகிறேன். பசை நல்ல பசை, கிழித்தால் பலகையும் கூடவே வரும்.

பெற்றவர்கள் பிள்ளைகளுக்கு நீளமாக எழுதுவது பிள்ளை கலியாணம் கட்டும்போது, அல்லது வீட்டைவிட்டுப் புறப்படும்போது. நீ கலியாணம் ஏற்கெனவே கட்டிவிட்டாய். (தாலி ஏறுவதற்கு முன் தாலி தேவைதானா என்று ஐயரிடம் கேட்டு முகூர்த்தத்தையே தாமதப்படுத்தினாய் என்று அம்மா இன்னும் சொல்லிக் காட்டுகிறார்.) மிச்சம் இருப்பது புறப்பாடு. வருகிற ஞாயிற்றுக்கிழமை, நீ தொடங்கிய சுதந்திர சிந்தனைப் பல்கலைக்கழகத்தின் தலைமையை விட்டு நீ இறங்க வேண்டும். மூன்று வருடம் முடிந்ததும் நிறுவியவர் இறங்கியே ஆக வேண்டும் என்று எழுதியவன் நீ. இப்போது இறங்காமல் இருக்க வழி பார்க்கிறவனும் நீ. இதற்காகத்தான் இந்தக் கடிதம். மற்றதெல்லாம் உனக்கு ஞாபகப்படுத்துவதற்காக.

தொடக்கத்தை நீ ஒவ்வொருமுறையும் ஒவ்வொருவிதமாகச் சொல்கிறாய். நடந்தது சின்ன விஷயம். நீ ஒரு டியூட்டரியில் உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பித்துக்கொண்டிருந்தாய். ஒருநாள் ஏழ்மை என்றால் என்ன என்று உணர்ச்சிவசப்பட்டு ஒரு மணித்தியாலம் பேசினாய். முடிந்ததும் முன்வாங்குப் பெடியன் கையை உயர்த்தி, "சேர், இதை எத்தனை பொயின்ற்ல எழுதுறது?" என்று கேட்டான். அவ்வளவுதான். இப்போது நீ சொல்லும் கதையில் வகுப்பே எழுந்து நிற்கிறது, நீ மார்க்கரை மேசையில் வைத்துவிட்டு மௌனமாக வெளியேறுகிறாய், வெளியே மழை வேறு பெய்கிறது. அன்றைக்கு மழையே இல்லை மகனே. நீ வீட்டுக்கு வந்து தேநீர் குடித்துவிட்டு, "பரீட்சையும் இல்லாமல் பட்டமும் இல்லாமல் ஒரு கம்பஸ் தொடங்கினா என்ன?" என்று கேட்டாய். அம்மா, "சம்பளமும் இல்லாமலோ?" என்று கேட்டார். அதுதான் உன் பல்கலைக்கழகத்தில் கேட்கப்பட்ட முதல் கேள்வி. அதற்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை.

எங்கள் பாமன்கடை வீட்டு ஹோலில் ஏழெட்டுப் பேர் கூடினார்கள். பிறகு காலி வீதியில், பல் வைத்தியர் ஒருவரின் கிளினிக்குக்கு மேலே இருந்த மாடி வாடகைக்குக் கிடைத்தது. கீழே பல், மேலே கலை. இதைவிடப் பொருத்தமான இடம் கொழும்பில் கிடையாது என்று நான்தான் சொன்னேன். நீ சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம், ஏனென்றால் அடுத்த வாரம் அது தானாகவே நடந்தது. பெயர்ப்பலகை எழுதுகிறவர் ஏணியில் ஏறி "சுதந்திர சிந்தனைப் பல்" என்பதுவரை எழுதிவிட்டார். அந்த நேரம் பார்த்து உன் வக்கீல் நண்பர் போன் எடுத்து, அனுமதி இல்லாமல் பல்கலைக்கழகம் என்று போர்டு போட்டால் உள்ளே தூக்கிப் போடுவார்கள் என்றார். ஏணி இறங்கியது. பலகை அப்படியே நின்றது. அன்றிலிருந்து கன்னம் வீங்கிய ஆட்கள் எல்லாம் நேரே மாடிக்கு ஏறத் தொடங்கினார்கள். கீழே கிளினிக்கில் இருக்கிற ரிசப்ஷன் நங்கி, சிங்களப் பெட்டை, வெளியே ஓடிவந்து, "அய்யே, உட நெவெய், மெஹே!" என்று, மேலே இல்லை இங்கே என்று, கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனாள்.

அவள் கூப்பிட்டும் கேட்காமல் ஏறி வந்தவர்தான் உன் முதல் மாணவர். கிராண்ட்பாஸில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிற ரிஸ்வி அங்கிள். கடைவாய்ப் பல்லைப் பிடித்துக்கொண்டு வந்து பின்வரிசையில் அமர்ந்தார். அன்றைய தலைப்பு, வலி என்பது உடம்பில் இருக்கிறதா மனத்தில் இருக்கிறதா. நீ முக்கால் மணித்தியாலம் பேசினாய். மனிதர் அசையாமல் கேட்டார். கடைசியில் எழும்பி, "சேர், நீங்க பேசினதெல்லாம் சரி. ஆனா எனக்கு இங்கதான் ஈக்கி" என்று வாயைத் திறந்து காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். பிறகு நீயே அவரைக் கூட்டிக்கொண்டு கீழே போனாய். பல்லைப் பிடுங்கும்வரை பக்கத்தில் நின்றாய். அடுத்த வாரம் அவர் பல் இல்லாமல் வந்து வலியைப் பற்றி மிச்சத்தைக் கேட்டார். அந்த நாளில் உன்னைப் பார்த்து எனக்கு எவ்வளவு பெருமை என்று நான் சொன்னதில்லை. இப்போதும் சொல்லப் போவதில்லை, தலை கனத்துவிடும். தலைமையே கனத்துப்போய்க் கிடக்கிற நேரம்.

அந்த முதல் வருடம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. நுகேகொடையிலிருந்து வங்கி வேலை முடித்து நேரே வருகிறவர்கள், பள்ளிக்கூடம் முடித்து என்ன செய்வதென்று தெரியாத பிள்ளைகள், மொழி விளங்காவிட்டாலும் சண்டை விளங்குகிறது என்று சொல்லி வந்த சிங்களப் பெடியன்கள். யாரும் எதையும் கேட்கலாம். வாய்க்கு வந்ததைக் கேட்டார்கள். வானம் ஏன் நீலம் என்பதிலிருந்து மாமியார் ஏன் இப்படி என்பதுவரை விவாதம் போனது. நான் கணக்கு ஹோம்வேர்க்கைக் கொண்டுவந்து ஒரு மூலையில் செய்வது போல் பாவனை பண்ணிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டேன். பல்கலைக்கழகம் என்பதைவிடப் பல்கலைக் கலகம் என்று சொன்னால்தான் பொருந்தும், அப்படி இருந்தது.

அந்தக் கலகத்தைக் காப்பாற்றத்தான் நீ மறுப்புக் கதிரையைக் கொண்டுவந்தாய். எல்லாக் கதிரையும் வெள்ளை, இது ஒன்று மட்டும் நீலப் பிளாஸ்டிக். எந்தக் கூட்டம் என்றாலும் ஒருவர் அதில் இருந்தே ஆக வேண்டும். இருப்பவர் தனக்குச் சம்மதமோ இல்லையோ மற்ற எல்லோரும் சொல்வதை மறுத்துப் பேச வேண்டும். அது காலியாக இருந்தால் கூட்டம் செல்லாது. "நாங்கள் எல்லாரும் ஒண்டாத் தலையாட்டினால் அண்டைக்கே இதை மூடிப்போடலாம்" என்று நீ சொன்னது எனக்கு நல்ல ஞாபகம். அதே கூட்டத்தில்தான் மூன்று வருடத்தில் நிறுவியவர் இறங்க வேண்டும், அப்போது துணைத் தலைவராக இருப்பவர் தலைவராக வேண்டும் என்ற விதியும் வந்தது. அதை மறுத்துப் பேச நீலக் கதிரையில் இருந்தவர் ரிஸ்வி அங்கிள். "சேர் போனா எங்களுக்கு யாரு ஈக்கிற?" என்று கேட்டார். நீ அவரை வெளுத்து வாங்கினாய். ஒரு மனிதனை நம்பி நிற்கிற இடம் பல்கலைக்கழகம் இல்லை, தர்பார் என்றாய். உன் வாயால்தான் சொன்னாய் மகனே.

இனி எரிச்சலான பகுதிக்கு வருகிறேன். இரண்டாவது வருடம் நடுவில் எனக்கு ஒரு விஷயம் தட்டுப்பட்டது. நீ யோசிக்கும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பாய். இப்போது எல்லோரும் துடைக்கிறார்கள். கண்ணாடி போடாத ஒரு அண்ணா யோசிக்கும்போது மணிக்கூட்டைக் கழற்றித் துடைக்கிறார். நீ "அப்படியெண்டால்" என்று தொடங்குவாய். எல்லோரும் "அப்படியெண்டால்" என்று தொடங்குகிறார்கள், ரிஸ்வி அங்கிள்கூட, இரும்பு விலை கேட்டால்கூட. நீலக் கதிரையில் இருக்கிறவர்களும் நீ போனமுறை மறுத்த மாதிரியே மறுக்கிறார்கள். நான் உன்னிடம் சொன்னேன். "அது செல்வாக்கு பிள்ளை, இயல்பு" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாய்.

வாயால் சொன்னால் விளங்காத பிள்ளைக்குச் செய்துதான் காட்ட வேண்டும். நாலு மாதத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், மாடிப்படி முடியும் இடத்தில், செருப்புக் கழற்றும் மூலைக்கு மேலே ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்ததே, ஞாபகமா? "நிறுவுநரின் வேண்டுகோள்: செருப்புகளைக் கடலை நோக்கி வைக்கவும்." அவ்வளவுதான். காரணம் இல்லை, கையொப்பம் இல்லை. அதை ஒட்டியது நான். அச்சடித்ததும் நான். உன் பிரிண்டரில், உன் காகிதத்தில்.

ஒரு நாளைக்குத் தாங்கும், சனிக்கிழமை யாராவது "இதென்ன பைத்தியம்?" என்று கேட்பார்கள், நான் விழுந்து விழுந்து சிரிக்கலாம் என்று நினைத்தேன். யாரும் கேட்கவில்லை. சுதந்திரமாகச் சிந்திக்கிறவர்கள் வரிசையாக வந்தார்கள், அறிவிப்பைப் படித்தார்கள், குனிந்து செருப்பைத் திருப்பினார்கள். கடல் எந்தப் பக்கம் என்று குழம்பிய ஒருவருக்கு இன்னொருவர் கையைப் பிடித்துக் காட்டினார். இரண்டாவது வாரத்தில் விளக்கங்கள் கிளம்பின. எல்லை இல்லாததை நோக்கி நிற்பது மனத்தைத் திறக்குமாம். நான் அப்பாவிபோல ரிஸ்வி அங்கிளிடம் போய்க் கேட்டேன்.

"அங்கிள், ஏன் கடலுக்கு?"

"சேர் சொன்னா அதுல ஒரு விஷயம் ஈக்கும் மகள்."

"என்ன விஷயம்?"

"அத நாங்கதான் சிந்திக்கணும். அதுக்குத்தானே இந்தக் கம்பஸ்."

செருப்பைத் திருப்பாத ஆள் ஒரே ஒருவர்தான். ஸ்டெல்லா அக்கா. உன் துணைத் தலைவர். இதைப் படிக்கிற புதியவர்களுக்காகச் சொல்கிறேன்: கொட்டாஞ்சேனைக்காரி, கோட்டையில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை, எந்தக் கூட்டத்துக்கும் நேரத்துக்கு வந்ததில்லை, கோபம் வந்தால் குரல் கீழே கிளினிக்வரை கேட்கும். முதல்நாள் அறிவிப்பைப் படித்துவிட்டு, "கடலுக்கு என்னத்துக்கு என்ட செருப்பு? அது போட்டுக்கிட்டு நடக்கப் போவுதா?" என்று சத்தமாகக் கேட்டார். பக்கத்தில் நின்றவர்கள், உனக்கு இது விளங்காது என்பது போல ஒரு சிரிப்புச் சிரித்தார்கள். அவர் கோவிக்கவில்லை. செருப்பைச் சுவரைப் பார்த்து உதறிவிட்டு உள்ளே போனார்.

இரண்டு பேர் திருப்பவில்லை என்று எழுத எனக்கு ஆசை. முதல் வாரம் நீ ஊரில் இல்லை, வாழைச்சேனைக்கு ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தாய். திரும்பி வந்த அன்று நான் படிக்கட்டுக்கு மேலே ஒளிந்து நின்று பார்த்தேன். நீ அறிவிப்பைப் படித்தாய். நிறுவுநரின் வேண்டுகோள். நிறுவுநர் நீ. நீ வேண்டிக்கொள்ளவில்லை என்று உனக்குத் தெரியும். அந்த இடத்தில் நீ கேட்டிருக்க வேண்டும். வரிசையாக இருந்த செருப்புகளைப் பார்த்தாய். ஒரு கணம் நின்றாய். பிறகு குனிந்து உன் செருப்பையும் கடலுக்குத் திருப்பி வைத்துவிட்டு உள்ளே போனாய்.

நான் சிரிக்கவில்லை. அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வராமல் போனதற்கு உன்மேல் இன்னும் கோபம் இருக்கிறது. பகிடி என்றால் கடைசியில் யாராவது சிரிக்க வேண்டும்.

போன ஞாயிறு நடந்ததை நீ ஒரு மாதிரியாகத்தான் ஞாபகம் வைத்திருப்பாய். மழை பெய்ததாகக்கூடச் சொல்வாய். ஆகவே நான் சொல்கிறேன். மூன்று வருடம் முடிகிறது என்று கூட்டம். ரிஸ்வி அங்கிள் எழும்பி, அந்த விதியை எடுத்துவிடுவோம் என்றார். "சேர் இல்லாட்டி நாங்க யாரோட சிந்திக்கிற?" எல்லோரும் தலையாட்டினார்கள். நீ வேண்டாம் என்று சொல்லவில்லை. கண்ணாடியைத் துடைத்தாய். அப்போதுதான் நீலக் கதிரை காலியாக இருப்பதை யாரோ கவனித்தார். அதில் இருந்தால் நீ போக வேண்டும் என்று பேச வேண்டி வரும். அதனால் ஒருவரும் இருக்கவில்லை. இடம் இல்லாமல் சுவரோடு சாய்ந்து நின்றவர்கள்கூட நின்றபடியே நின்றார்கள். "ஆராவது இருங்கோ, இல்லாட்டிக் கூட்டம் செல்லாது" என்றாய். அந்த நேரம் பார்த்து ஸ்டெல்லா அக்கா மாதா கோயிலில் பூசை முடித்து, வழக்கம்போலத் தாமதமாக, வேர்க்க விறுவிறுக்க ஏறி வந்தார். இருந்த ஒரே காலிக் கதிரையில் அமர்ந்தார். எல்லோரும் சிரித்தார்கள். என்ன விஷயம் என்று கேட்டார், சொன்னார்கள். எழும்பினார்.

"சேர், நீங்க போகணும். நான் தலைவராகணும்னு சொல்லல, வேற யாரயாச்சும் போடுங்க. நாலு மாசமா இங்க எல்லாரும் செருப்ப கடலுக்குத் திருப்பி வைக்கிறாங்க. ஏன்னு ஒருத்தருக்கும் தெரியாது. உங்க பேரு இருந்துச்சு, அதால. நீங்க கெட்டவர்னு சொல்லல. நீங்க இருக்கிற வரைக்கும் இவங்க யோசிக்க மாட்டாங்க, உங்களப் பார்ப்பாங்க. இப்பவும் பாருங்க, உங்களத்தான் பார்க்கிறாங்க."

உண்மையாகவே எல்லோரும் உன்னைத்தான் பார்த்தார்கள். நீ கைதட்டினாய். உடனே எல்லோரும் கைதட்டினார்கள். ரிஸ்வி அங்கிள், "மாஷா அல்லாஹ், உண்மை மாதிரியே ஈந்திச்சு" என்றார். என் கையில் தேநீர்த் தட்டு இருந்தது. இல்லாவிட்டால் நானும் தட்டியிருப்பேனோ தெரியாது.

"நான் உண்மையத்தான் சொன்னேன்" என்றார் ஸ்டெல்லா அக்கா.

இன்னும் பலமாகச் சிரித்தார்கள். நடிப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாராம். அவர் உன் பக்கம் திரும்பி, "சேர், உண்மையாத்தான்" என்று மறுபடி சொன்னார். நீ என்ன சொன்னாய் மகனே? "மறுப்புக் கதிரை தன்ர கடமையைச் செய்திட்டுது. நன்றி. இனி உண்மையான கருத்துகளுக்குப் போவம்."

அவர் நடிக்கவில்லை என்று அங்கே உனக்கு மட்டும் தெரியும். உன் முகத்தில் தெரிந்தது. தட்டைப் பிடித்துக்கொண்டு நான் அதைப் பார்த்தேன். மறுப்பைக் காப்பாற்றுவதற்கு என்று ஒரு கதிரையைப் போட்டு, அந்தக் கதிரையில் இருந்து யார் என்ன சொன்னாலும் விளையாட்டு என்று ஆக்கி, கடைசியில் உனக்கு வலித்ததும் அந்த ஓட்டைக்குள்ளேயே ஒளிந்துகொண்டாய். சர்வாதிகாரிகள்கூட மறுப்பவரை வெளியே அனுப்புவார்கள். நீ அவருக்குக் கைதட்டி உட்கார வைத்தாய். முடிவு அடுத்த ஞாயிற்றுக்கு ஒத்திவைக்கப்பட்டது. படியிறங்கும்போது ரிஸ்வி அங்கிளிடம் சொன்னாயே, "அவவைத் தலைவராக்கிறதெண்டால் யோசிக்க வேணும், கோயிலுக்குப் போறவ" என்று, அதுவும் என் காதில் விழுந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் பள்ளிவாசலுக்குப் போகிற ரிஸ்வி அங்கிள், மிகவும் கவலையோடு தலையாட்டினார். உங்கள் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

புதன்கிழமை டியூஷன் என்று சொல்லிவிட்டு நான் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். ஸ்டெல்லா அக்கா வேலையால் வந்து, அலுவலகச் சேலையோடு குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கத்தியை நீட்டியபடி, "என்னடி, அப்பா அனுப்பினாரா?" என்றார்.

"இல்லை அக்கா. நான்தான் அப்பாவை அனுப்பப் போறன்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. மீனைக் கழுவிக்கொண்டே பேசினார். "எனக்குத் தலைவர் பதவி வேணாம்டி. நேரத்துக்கு வரத் தெரியாதவளுக்கு என்னத்துக்கு அது? எனக்கு ஒண்ணுதான் விளங்கல. அந்தக் கதிரையில இருந்து சொன்னா நடிப்புன்றாங்க. மத்தக் கதிரையில இருந்து சொன்னா, மறுப்புக்குன்னு தனிக் கதிரை இருக்குன்றாங்க. அப்ப நான் எங்க இருந்துடி சொல்றது?"

எதற்கும் வாயில் ஒரு பகிடி வைத்திருக்கிறவள் நான். அன்றைக்குப் பகிடியை விட்டுவிட்டு, செருப்பு விஷயம் என் வேலை என்று சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். "தெரியும்" என்றார். "உங்கப்பாவுக்கு அவ்வளவு சின்னதா எழுத வராது." இனி வரமாட்டேன் என்றும் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். மெதுவாகச் சொன்னார்.

இது இன்னும் தயாராகவில்லை, இப்போது விட்டால் விழுந்துவிடும் என்று நீ சொல்வாய். அந்தப் பேச்சு எனக்குப் பழக்கம். நான் முதன்முதல் தனியாகப் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போன அன்று நீ என்ன செய்தாய்? "சுதந்திரமாப் போ பிள்ளை" என்று கையசைத்துவிட்டு, ஒரு ஓட்டோ பிடித்துப் பஸ்ஸுக்குப் பின்னாலேயே வந்தாய். பின்யன்னலால் நான் பார்த்துக்கொண்டே போனேன். ஓட்டோக்காரர், பஸ்ஸில் போகிற யாரோ உன் சல்லியை அடித்துக்கொண்டு ஓடுகிறார்கள் என்று நினைத்து வேகத்தைக் கூட்டி, ஒரு ஹோட்டல் முன்னால் பஸ்ஸுக்குக் குறுக்கே கொண்டுபோய் நிறுத்தினார். கொண்டக்டர் இறங்கி உன்னைத் திட்டினார். என் பள்ளிக்கூடமே யன்னலால் எட்டிப் பார்த்தது. அன்று எனக்குத் தாமதம் ஆனது உன்னால் மட்டும்தான். தனியாக விட்டிருந்தால் நேரத்துக்குப் போயிருப்பேன். ஆகவே கேள்: இறங்குவது என்றால் முழுக்க இறங்குவது. ஆலோசகர், காப்பாளர், கௌரவ நிறுவுநர் என்று எதையாவது கண்டுபிடித்துக்கொண்டு பின்னால் வராதே.

அது விழுந்தாலும் விழட்டும். ஸ்டெல்லா அக்கா தாமதமாக வருவார், கத்துவார், முதல் மாதத்திலேயே பாதிப் பேருடன் சண்டை பிடிப்பார். ரிஸ்வி அங்கிள் யாரைப் பார்த்துத் தலையாட்டுவது என்று தெரியாமல் தடுமாறுவார். தடுமாறட்டும். அந்தத் தடுமாற்றத்துக்குப் பெயர்தான் நீ மூன்று வருடமாகப் படிப்பிப்பதாகச் சொல்கிற விஷயம். நீ இருக்கும்வரை அவர்களுக்கு அது வராது. நிறுவத் தெரிந்தவனுக்கு நிறுத்தவும் தெரிய வேண்டும்.

ஆனால் இறங்குவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அதை உனக்குப் பதிலாக வேறு யாரும் செய்ய முடியாது. ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று ஒரே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும்: போன கிழமை ஸ்டெல்லா சொன்னது நடிப்பு இல்லை, அது எனக்கு அப்போதே தெரியும். இவ்வளவுதான். அதை ஒரு விரிவுரை ஆக்காதே. "அப்படியெண்டால்" என்று தொடங்காதே. கண்ணாடியில் கை வைக்காதே. நீ சொல்லாவிட்டால் நீ தலைவராக இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். இனி அங்கே யார் என்ன உண்மை சொன்னாலும் கைதட்டல்தான் கிடைக்கும். சொன்னால் அவர் திரும்பி வருவாரா தெரியாது. நான் கேட்டேன். அதற்கு அவர், ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்குக் கூட்டம் என்று கேட்டார். அவருக்குத் தெரியாத விஷயமா அது?

சொல்லிவிட்டுச் சாவியை மேசையில் வை. யாருடைய முகத்தையும் பார்க்காமல் படியிறங்கு. அவர்கள் கைதட்டினாலும் தட்டாவிட்டாலும் அது உன் விஷயம் இல்லை. காலி வீதிக்கு எதிர்ப்பக்கம் அம்மாவும் நானும் நிற்போம். அம்மா வரமாட்டேன் என்றுதான் சொல்கிறார், ஆனால் சேலையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறார். உனக்கு அழுகை வரும். வந்தால் கடற்கரையில் போய் அழலாம், ரயில் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. நடுவீதியில் மட்டும் நின்று யோசிக்கத் தொடங்காதே, அது உன் பழக்கம், எனக்குத் தெரியும். நான் பாதிவரை வந்து உன் கையைப் பிடிப்பேன். வெள்ளவத்தை முழுக்கப் பார்க்கும், பார்க்கட்டும். கையை விடாதே. மேலே யன்னலில் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்காதே. பஸ் வரும்.